பொருள் எண் ஏழு

ஆன்லைன் விண்ணப்பத்தில் சிவப்பு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நாலு வார்த்தை கேட்பேன். ஒரு கட்டத்தின் ஓரத்தில் அந்த நட்சத்திரம் இருந்தால் அதைக் காலியாக விட முடியாது. விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. பாலக்கரையில் இருபத்திரண்டு வருஷமாக ஜெராக்ஸ் மிஷினும் கம்ப்யூட்டரும் வைத்துப் பிழைக்கிற மருதையாகிய நான், அப்படிப்பட்ட கட்டங்களை எத்தனையோ பேருக்காக நிரப்பியிருக்கிறேன். போன் இல்லாதவர்களுக்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். ஈமெயில் இல்லாத முந்நூறு பேருக்கு ஒரே ஈமெயில், என்னுடையது. அதையெல்லாம் பொய் என்று நான் நினைத்ததே இல்லை, தொழில் என்றுதான் நினைத்தேன்.

அந்தத் தொழில்தான் நஜிமுதீன் பாயை ஒரு பொருளாக ஆக்கியது.

பாய் வீடு என் கடையிலிருந்து நாலாவது வீடு. குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். ஊர் திரும்பிய இரண்டாம் வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவருடைய மனைவி ஜஹானாரா அவரை ஆறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். பெரியாஸ்பத்திரியில் நர்சாக இருந்து ரிட்டையர் ஆன இருளாயி சிஸ்டர் பக்கத்துத் தெருவில் இருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். ஆறு வருஷத்தில் பாயின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. இதைக் கேள்விப்பட்டவர்கள், எங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்குமா, எங்கள் மாமியாருக்கு ஆள் கிடைக்குமா என்று வர ஆரம்பித்தார்கள். ஆள் இல்லை, ஆனால் ஆளைத் தயார் செய்யலாமே என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டின் முன்கூடத்திலேயே ‘வீட்டு நோயாளர் பராமரிப்புப் பயிற்சி நிலையம்’ ஆரம்பித்தாள். இருளாயி சிஸ்டர் ஆசிரியை. பதினொரு பெண்கள் சேர்ந்தார்கள்.

அதில் ஒருத்தி கலைமதி, ஜீயபுரத்துப் பெண். அப்பா வாழைத்தார் வெட்டும் கூலி. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. ஜூலை முதல் தேதிக்குள் சான்றிதழோடு வரவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. மற்றப் பத்துப் பேருக்கும் ஏறக்குறைய அதே கதைதான். சான்றிதழ் வேண்டுமானால் தேர்வு எழுத வேண்டும். தேர்வு எழுத நுழைவுச்சீட்டு வேண்டும், நுழைவுச்சீட்டுக்கு நிலையம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அங்கீகாரத்துக்கு என் கடைக்கு வந்தாகவேண்டும்.

விண்ணப்பத்தில் தளவாடங்கள் என்று ஒரு பட்டியல். கட்டில், சக்கர நாற்காலி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாம் இருந்தன. ஏழாவதாக ‘மனித உருவப் பொம்மை, முழு அளவு, கை கால் மடங்கக்கூடியது’ என்றிருந்தது. பக்கத்தில் நட்சத்திரம். இந்தப் பொம்மையை வடக்கே ஒரு கம்பெனி செய்கிறது, வந்து சேர நாற்பது நாளாகும், ஒரு வருஷ வருமானம் அதற்கே போய்விடும் என்று விசாரித்துச் சொன்னேன்.

"பொம்மை எதுக்குண்ணே?" என்றாள் ஜஹானாரா. "அதான் அவங்க இருக்காங்களே."

உண்மைதான். பெண்கள் பாயிடம்தான் படித்தார்கள். ஆளைப் புரட்டுவது, ஆளை எழுப்பாமல் விரிப்பு மாற்றுவது, கரண்டியால் கஞ்சி ஊட்டுவது எல்லாம். தப்பாகத் தூக்கினால் பாய் இடது கண்ணை மூடுவார். சரியாகச் செய்தால் திறந்தே வைத்திருப்பார். அவரை விடக் கண்டிப்பான வாத்தியார் திருச்சியில் கிடையாது. நான் கட்டத்தில் ‘1’ என்று தட்டினேன். அடுத்த பக்கம் திறந்தது.

நான்கு மாதம் கழித்து ஆய்வுக் குழு வந்தது. காலை பத்து மணி என்று சொல்லியிருந்தார்கள், மதியம் இரண்டரைக்கு வந்தார்கள். தென்னூரில் இருக்கிற அங்கீகார மண்டல அலுவலகத்தின் துணை இயக்குநர் செல்லக்கிளி அம்மாளும், கண்காணிப்பாளர் சௌரிராஜனும். சௌரிராஜன் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். விடியற்காலையில் கோயிலுக்கு விஸ்வரூப சேவைக்குப் போய்விட்டு அப்புறம்தான் ஆபீஸ் என்பது அவர் வழக்கமாம். நெற்றியில் திருமண் கலையாமல், குரல் உயராமல் பேசுவார். அவரை மோசமான மனுஷர் என்று சொல்ல என்னால் இன்றைக்கும் முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

நூலகம் எங்கே என்றார்கள். நூறு புத்தகம் இருக்கவேண்டும். பிரிண்ட் போட்டு பைண்டிங் செய்துவிட்டு வாங்க வராமல் போன இன்ஜினியரிங் மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் என் கடைப் பரணில் கிடந்தன. அதையெல்லாம் கொண்டுவந்து அடுக்கியிருந்தேன். செல்லக்கிளி அம்மாள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். அது பாலங்களின் தாங்குதிறன் பற்றியது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். விளையாட்டு மைதானம் எங்கே என்றார்கள். மொட்டை மாடியைக் காட்டினோம். துணி உலர்ந்துகொண்டிருந்தது. ‘பரப்பு குறைவு, காற்றோட்டம் நன்று’ என்று எழுதினார்கள். இதுவரை எல்லாம் நல்லபடியாகவே போனது.

பிறகு ஏழாவது பொருள் எங்கே என்றார்கள்.

ஜஹானாரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பொம்மை வாங்கவில்லை, இவரை வைத்துத்தான் சொல்லித்தருகிறோம், விண்ணப்பத்தில் தவறாக ஏறிவிட்டது என்று உள்ளதைச் சொன்னாள். தவறு என்னுடையது என்று நானும் சொன்னேன். அதிகாரிகள் இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள். பாய் அவர்களைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுதும்மா, இவர் உங்க வீட்டுக்காரர்," என்றார் செல்லக்கிளி அம்மாள். "நான் மனுஷி, எனக்குக் கண்ணு இருக்கு. ஆனா நான் என்ன பார்க்கிறேங்கிறது இங்க முக்கியமில்லை. படிவம் என்ன பார்க்குதுங்கிறதுதான் முக்கியம். ஒண்ணு இருக்குன்னு நீங்களே குடுத்திருக்கீங்க."

சௌரிராஜன் இன்னும் தணிந்த குரலில் விளக்கினார். "இல்லேன்னு எழுதினா பொய்த் தகவல் கொடுத்ததா ஆயிடும். அஞ்சு வருஷத்துக்கு நீங்க விண்ணப்பிக்கவே முடியாது. இந்தக் குழந்தைகள் கதி என்னாகும், யோசிச்சுப் பாருங்கோ. இருக்குன்னு எழுதினா ஒருத்தருக்கும் பாதகமில்லை."

அப்படித்தான் கருணையோடு காரியம் முடிந்தது. ஆனால் இருக்கிறது என்று எழுதினால் மட்டும் போதாது, விவரக்குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கவும் வேண்டும். முழு அளவு என்பதற்காக டேப் வைத்து அளந்தார்கள். ஐந்தடி ஏழு அங்குலம். கை கால் மடங்குகிறதா என்று பார்க்க சௌரிராஜன் தானே பாயின் வலது முழங்கையைப் பிடித்து மடக்கினார். பாய் இடது கண்ணை மூடினார்.

"சார், அவங்களுக்கு வலிக்குது," என்றாள் கலைமதி.

சௌரிராஜன் சட்டென்று கையை எடுத்துவிட்டார். குனிந்து பாயின் முகத்துக்கு நேராக, "மன்னிக்கணும்," என்றார். நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டுத்தான் சொன்னார். பிறகு நிமிர்ந்து, ‘நன்கு இயங்குகிறது’ என்று எழுதினார். இடது கை தானாகவே அசைவதைப் பார்த்ததும் இருவருக்கும் சந்தேகம் வந்தது. விவரக்குறிப்பில் தானாக அசைவது பற்றி ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் தனியாகப் பேசிவிட்டு, ‘கூடுதல் வசதி’ என்று குறித்துக்கொண்டார்கள்.

இருப்புப் பதிவேட்டில் பாயை ஏற்றும் வேலை எனக்கு வந்தது. பொருள் பெறப்பட்ட தேதி என்று ஒரு கலம். நிக்காஹ் நடந்த தேதியைச் சொன்னாள் ஜஹானாரா. வழங்கியவர் என்ற கலத்தில் அவள் மாமனார் பெயரைப் போட்டோம். உத்தரவாதக் காலம் என்று கேட்டிருந்தது. அவள் முதல் முறையாகச் சிரித்தாள்.

"அதை அல்லாஹ்கிட்டதாண்ணே கேக்கணும்."

நான் ‘நிர்ணயிக்கப்படவில்லை’ என்று எழுதினேன். எல்லாப் பொருளிலும் எண் ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கட்டிலில் ஒட்டட்டுமா என்று கேட்டதற்கு, கட்டில் பொருள் எண் ஒன்று, அதற்குத் தனி எண் உண்டு என்றார்கள். ஆகவே பாயின் சட்டைப் பையின் மேல் ‘பொருள் எண் 7’ என்று ஸ்டிக்கர் ஒட்டினோம். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி ஒட்டவேண்டும். அதற்கு ஒரு வரிசை போட்டுப் பெண்கள் ஆளுக்கொரு நாள் செய்தார்கள். எனக்கு முதலில் பார்க்கவே என்னவோபோல் இருந்தது. ஜஹானாராவிடம் சொன்னேன்.

"குவைத்லயும் நம்பர் போட்ட பேட்ஜ்தாண்ணே இருபது வருஷம் மாட்டியிருந்தாங்க," என்றாள். "பேரு சொல்லிக் கூப்பிட ஆளே கெடையாதாம். அவங்களுக்குப் பழக்கந்தான்."

அங்கீகார ஆணை மார்ச் மாதம் வந்தது. பத்துப் பக்கம். இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். ஆணையைக் கண்ணாடி போட்டு மாட்டினோம். பதினான்காவது நிபந்தனையை யாரும் படிக்கவில்லை. தளவாடங்களை முன் அனுமதியின்றி வளாகத்தைவிட்டு வெளியே கொண்டுசெல்லக் கூடாது.

மே மாதக் கடைசியில் பாய்க்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. இருளாயி சிஸ்டர் பார்த்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கலைமதியும் இன்னும் இரண்டு பேரும் அவரைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். படித்த படியே, ஒரு குலுக்கல் இல்லாமல். அப்போதுதான் எனக்கு அந்தப் பதினான்காவது நிபந்தனை ஞாபகம் வந்து தொலைத்தது. அவர்கள் போகட்டும், நாம் காகிதத்தைப் பார்ப்போம் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். வெளியே எடுத்துச் செல்லும் காரணம் என்று கேட்டு மூன்று விடைகள் கொடுத்திருந்தார்கள்: கண்காட்சி, இடமாற்றம், பழுதுபார்ப்பு. நான் பழுதுபார்ப்பு என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தச் சமயத்தில் எனக்கு அது ஒரு பிரார்த்தனை மாதிரிகூட இருந்தது.

பாய் திங்கட்கிழமை விடியற்காலை இறந்தார். அன்றைக்கே மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நானும் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தேன். ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தவர், கனமே இல்லை. வியாழக்கிழமை என் ஈமெயிலுக்கு அனுமதி வந்தது. பொருள் எண் ஏழைப் பழுதுபார்க்கப் பதினைந்து நாள் அவகாசம் அளிக்கப்படுகிறது. பழுது நீங்கியதும் மீண்டும் கட்டிலில் வைத்து, ஜி.பி.எஸ். இடக் குறியீட்டோடு கூடிய புகைப்படத்தைப் பதிவேற்ற வேண்டும். தவறினால் நுழைவுச்சீட்டுகள் நிறுத்திவைக்கப்படும்.

ஜஹானாரா இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்களைப் பார்க்கக்கூடாது. உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவே திரை போட்டிருந்தார்கள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் நானே முடித்துவிடலாம் என்று இறப்புச் சான்றிதழோடு தென்னூருக்குப் போனேன்.

சௌரிராஜன் சான்றிதழை இரு கையாலும் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அம்மா எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா என்று விசாரித்தார். அவர் வீட்டிலும் போன வருஷம் ஒரு மரணம் நடந்ததாம், அந்தப் பதின்மூன்று நாளும் எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லையாம். பிறகு சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது ஆளுக்குக் கொடுக்கற சான்றிதழ். ஃபைல்ல இருக்கறது பொருள். பொருள் இறக்கறதுக்கு எங்ககிட்ட வழியில்லை. கழிவு பண்ணலாம். அதுக்கு மூணு பேர் குழு போடணும். பொருளை நேர்ல பார்த்து, இனி உபயோகமில்லேன்னு கையெழுத்துப் போடணும். அப்பறம் பழைய சாமான் ஏலம்." இந்த இடத்தில் அவரே நிறுத்திக்கொண்டார். "மூணு மாசமாவது ஆகும்."

அவகாசம் முடிந்த மூன்றாம் நாளே தேர்வு. துணை இயக்குநரைப் பார்க்கவேண்டும் என்றேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்து உள்ளே விட்டார்கள். நான் பேசப்பேச செல்லக்கிளி அம்மாள் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முடித்ததும், நாங்கள் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறோம் தெரியுமா என்று கேட்டார். தெருவுக்குத் தெரு பயிற்சி நிலையம் திறந்து ஏழைப் பெண்களை ஏமாற்றுகிறார்களாம், அந்தப் பெண்களைக் காப்பாற்றத்தான் இத்தனை விதிகளாம். இந்தப் பதினொரு பேரை யாரும் ஏமாற்றவில்லையே என்றேன். அவர் அதையும் ஒப்புக்கொண்டார்.

"நான் ஆய்வு பண்ணின எண்பது நிலையத்துல, உண்மையிலேயே பொண்ணுங்களுக்கு வேலை தெரிஞ்சது உங்க ஒண்ணுலதான். அதைக் குறிக்க எனக்கு ஒரு கட்டம் இல்லை. மீதி எழுபத்தொம்போதுலயும் பொம்மை இருக்கு. கவர் பிரிக்காம வெச்சிருக்காங்க. அவங்களுக்கெல்லாம் நுழைவுச்சீட்டு போயாச்சு."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்ற உணர்ச்சி இல்லை. பெருமையும் இல்லை. மழை வருமா வராதா என்று சொல்வதைப்போலச் சொன்னார். எனக்கு மேஜையைப் புரட்டிப் போடவேண்டும்போல இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இருபத்திரண்டு வருஷமாக எல்லா ஆபீஸிலும் நன்றி சொல்லியே பழகிவிட்ட வாய் இது.

சௌரிராஜன் மாடிப்படி வரை கூடவே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, காதருகில் சொன்னார்.

"கட்டில்ல ஒருத்தர் இருந்தா போறும். யாருன்னு கட்டம் கேக்கறதில்லை. மாணவிகள் வேண்டாம், டீச்சரும் வேண்டாம், அவா முகமெல்லாம் பதிவாகியிருக்கு. ஒரே முகம் ரெண்டு பட்டியல்ல வந்தா கம்ப்யூட்டர் நிறுத்திடும். தாளாளர் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டுந்தான், முகம் பதிவில்லை. நான் சொன்னதா எங்கேயும் சொல்லிடாதீங்கோ."

பதினைந்தாம் நாள் வரை நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. வேறு வழி இருக்குமா என்று அலைந்தேன். மனு எழுதினேன், கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்றேன். மனுவுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். கடைசி நாள் மாலை நான்கு மணி ஆனது. ஆறு மணிக்குப் பதிவேற்றும் பக்கம் மூடிவிடும். பதினொரு பெண்களும் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். கலைமதி மட்டும் காலியாகக் கிடந்த கட்டிலின் விரிப்பை இழுத்து மடிப்பைச் சரி செய்தாள். மறுபடியும் சரி செய்தாள்.

நான் திரைக்கு வெளியே நின்று ஜஹானாராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ‘1’ நான் போட்டதுதான், ஆகவே நானே படுத்துவிடுகிறேன், என் முகம் அங்கே எந்தப் பட்டியலிலும் இல்லை என்றேன்.

"வேணாம்ணே," என்றாள். "அது அவங்க படுத்த எடம். இன்னொரு ஆம்பளைய அதுல என்னால பாக்க முடியாது. நீங்க வெளிய போங்க. புள்ளைங்க எடுக்கட்டும்."

நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். திரையைக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவே மாற்றிக் கட்டினார்கள். என் போன் கலைமதியிடம் இருந்தது. கட்டில் முனகுவது கேட்டது. யாரோ ஸ்டிக்கர் தாளை உரிப்பதும் கேட்டது.

"அண்ணே, கண்ணை மூடிக்கணுமா, தெறந்திருக்கணுமா?" என்று ஜஹானாரா கேட்டாள்.

விதிமுறையை ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். கண் பற்றி ஒன்றும் போடவில்லை. எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் தங்கச்சி என்றேன்.

கலைமதி படத்தை எடுத்து ஏற்றினாள். லேப்டாப்பில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ‘பொருள் அசைந்துள்ளது. மீண்டும் எடுக்கவும்.’ இரண்டாம் முறையும் அதே வரி. நான் படத்தைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது, அவள் இத்தாவில் இருக்கிறாள். உள்ளே அடக்கி அடக்கி அழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்தே முக்கால் ஆகியிருந்தது.

"அசையுதாம் தங்கச்சி," என்றேன். இதைவிடக் கேவலமான ஒரு வார்த்தையை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

அழுகைச் சத்தம் நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கலைமதி ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாக எண்ணினாள். ஒரு நோயாளிக்குச் சொல்கிற குரலில். லேப்டாப்பில் பச்சை வந்தது. ‘பொருள் எண் 7 பழுது நீங்கி, நல்ல நிலையில் உள்ளது.’ அதற்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு நுழைவுச்சீட்டுகள் இறங்கின. கலைமதியுடையது மூன்றாவதாக வந்தது. புகைப்படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏறிடுச்சு தங்கச்சி," என்றேன். "எல்லாருக்கும் வந்துருச்சு. எந்திரிங்க."

பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து வாசலில் நின்றார்கள். யாருக்கும் சந்தோஷப்படத் தெரியவில்லை. திரைக்கு உள்ளேயிருந்து ஜஹானாராவின் குரல் கேட்டது.

"மெத்தையில அவங்க படுத்த பள்ளம் அப்படியே இருக்குண்ணே. கொஞ்ச நேரம் கெடந்துட்டு எந்திரிக்கிறேன்."

சரி தங்கச்சி என்றேன்.